என் கையெழுத்து சுவரில் தொங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக் கட்டடங்களின் பாதுகாப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். சான்றிதழ் இல்லாத பள்ளிகளை மூட வேண்டும், சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், இன்னும் ஒரு துறையின் ஒப்புதலையும் கூடவே கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் 38 ஆண்டுகள் அந்தச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்னொரு தாள் சேர்ந்தால் கோப்பு கனக்கும், அவ்வளவுதான். கூரை கனம் தாங்குமா என்பது வேறு கேள்வி.

நான் கட்டமைப்புப் பொறியாளன். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகின்றன. வேலை செய்த காலத்தில் எத்தனையோ பள்ளிகளுக்குள் சுத்தியலும் டார்ச் லைட்டுமாகப் போயிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி உள்ள கட்டடம். ஆய்வுக்கு நான் போனபோது கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு முழு நாள் இருந்தேன். பீம்களைப் பார்த்தேன், கான்கிரீட்டின் உறுதியைக் காட்டும் ரீபவுண்ட் ஹாமர் என்ற கருவியைத் தூண்களில் வைத்து அழுத்திப் பார்த்தேன், பூச்சைச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். தட்டினால் கெட்டியாக ஒலிக்க வேண்டும். பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்டால் உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன, நான் கடைசிவரை என் காதைத்தான் அதிகம் நம்பினேன். கட்டடம் நன்றாகவே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. அன்று அந்தக் கட்டடம் உறுதியாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து, வளாகத்தில் ஒரு புதிய அறை கட்டுவது பற்றி யோசனை கேட்க அதே பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியர் அறையில் நுழைந்ததும் என் சான்றிதழைப் பார்த்தேன். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, சுவரில் மாட்டியிருந்தார்கள். என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

அப்புறம் மாடி ஏறினேன். மேல்மாடி வராண்டாவின் கூரை, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். கீழே தாங்கத் தூண் கிடையாது, ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம். கான்டிலீவர் என்போம். அதன் மேல் 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நின்றது. நிறைய தண்ணீரோடு.

கணக்கைச் சொல்கிறேன், பெரிய கணக்கில்லை. 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். அது உட்கார்ந்திருக்கும் இடம் ஏறத்தாழ இரண்டரை சதுர மீட்டர். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 2,000 கிலோ. பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைத் தளத்தையே சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ வரை தாங்கும்படிதான் வடிவமைப்போம், நாட்டுக்கு நாடு விதி கொஞ்சம் மாறும். ஆள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு அதைவிடக் குறைவாகவே கணக்கு வைப்பது வழக்கம். அந்த இடத்தில் பத்து மடங்கு பாரம். அதுவும் கான்டிலீவரில். இந்த வகைத் தளத்தில் உயிர்நாடியான கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அதன் மேல் நடந்து, மிதித்து, கீழே இறக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் இத்தகைய தளத்தைக் கண்டாலே எனக்கு வயிற்றில் ஒரு பிசைவு வரும்.

தளம் சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கத்தில், ஒரு விரிசல் ஓடியிருந்தது. விரல் நகம் போகும் அகலம்.

கீழே இறங்கி வரும்போது இன்னும் இரண்டு கண்ணில் பட்டன. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள். பின்பக்கப் படிக்கட்டின் அடியில் புதிதாக ஒரு கிரில் கதவு, சங்கிலி, பூட்டு. அதற்கு உள்பக்கம் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு பெரிய வகுப்பைப் பிளைவுட் தடுப்பு வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். உள்ளே இருக்கும் பாதிக்கு வெளியே வரத் தனி வாசல் இல்லை, முன்பாதி வழியாகத்தான் வர வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. தாளாளரிடம் போய்க் கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், சுகாதார ஆய்வுக்கு வந்தவங்க கழிப்பறைக்குத் தண்ணி போதாதுன்னு எழுதிட்டாங்க. அதான் தொட்டி வெச்சோம். அங்க வெச்சா குழாய் நீளம் கம்மி. கம்ப்யூட்டர் ரூம்ல திருட்டுப் போச்சு, அதான் கிரில். பிள்ளைங்க அதிகமாயிடுச்சு, அதான் தடுப்பு." கடைசியாக ஒன்று சொன்னார், அது இன்னும் என் காதில் இருக்கிறது: "உங்க சான்றுதான் சார் இருக்கே, மூணு வருஷத்துக்கு."

யோசித்துப் பாருங்கள், அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. தொட்டி வந்தது பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக. பூட்டு வந்தது பாதுகாப்புக்காக. ஒரு விதியைக் காப்பாற்றப் போய் இன்னொரு விதியை மீறியிருக்கிறார், மீறியது அவருக்கே தெரியாது. சுகாதார ஆய்வாளர் தண்ணீரைப் பார்த்தார், தொட்டி எங்கே நிற்கப்போகிறது என்பது அவர் படிவத்தில் இல்லை. தீயணைப்புத் துறையிலிருந்து வந்தவர் கிரில் போடுவதற்கு முன்னால் வந்து போய்விட்டார். நானும் தொட்டிக்கு முன்னால் வந்து போய்விட்டேன். எங்கள் மூன்று பேருடைய தாளும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

ஆசிரியர் அவர்களே, சான்றிதழ் என்பது ஒரு நாளின் புகைப்படம். கட்டடமோ தினமும் மாறிக்கொண்டே இருக்கிறது. பள்ளி விபத்துகளின் வரலாற்றைப் படித்தால் (ஓய்வுக்குப் பிறகு நான் செய்யும் வேலை பெரும்பாலும் அதுதான், வீட்டில் யாருக்கும் பிடிக்காத பொழுதுபோக்கு) முதலில் கட்டியதைவிடப் பின்னால் சேர்த்ததும் மாற்றியதும்தான் திரும்பத் திரும்ப உயிர்களை வாங்கியிருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய் வளத்தால் பணம் கொழித்த இடம், பள்ளியும் புதிது, பெரிது. 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செலவை மிச்சம் பிடிக்க, எரிவாயு நிறுவனத்தின் இணைப்பை விட்டுவிட்டு, எண்ணெய் வயலிலிருந்து வீணாகப் போகும் வாயுக் குழாயில் பள்ளியை இணைத்தார்கள். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. தரைக்கு அடியில் கசிந்து தேங்கியது யாருக்கும் தெரியவில்லை. மார்ச் 18ஆம் தேதி பிற்பகல், தொழிற்கல்வி அறையில் ஒரு மின் இயந்திரத்தைப் போட்டபோது எழுந்த பொறியில் கட்டடமே வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகுதான் டெக்சாஸில் வந்தது. பதிவு செய்யாதவர் பொறியாளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்யக் கூடாது என்ற சட்டமும் அங்கே அதே ஆண்டில் வந்தது. கட்டடம் பலவீனமாக இருந்ததால் அது விழவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு குழாயை மாற்றினார்கள்.

இத்தாலியில் சான் ஜூலியானோ தி புல்யா என்ற சிற்றூர். 2002 அக்டோபர் 31 அன்று நிலநடுக்கத்தில் ஊர்ப் பள்ளி இடிந்து 27 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். பழைய கட்டடத்தின் தலையில் பின்னாளில் ஒரு தளத்தை ஏற்றியிருந்தார்கள். வழக்கில் தண்டனை பெற்றவர்களில் அந்த ஊர் மேயரும் ஒருவர். அவருடைய மகளும் அந்தப் பள்ளியில்தான் இறந்தாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரில் ஒரு தனியார் பள்ளி இடிந்து 19 குழந்தைகளும் 7 பெரியவர்களும் இறந்தார்கள். அங்கேயும் மேலே ஏற்றிக் கட்டிய வீடு, பின்னால் சேர்த்த பாரம். உரிமையாளர் சிறைக்குப் போனார். கட்டடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட பொறியாளருக்கு நீதிமன்றம் 208 ஆண்டுகள் தண்டனை விதித்தது. இந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு நான் எழுந்துபோய் என் பழைய கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். சமையல் நடந்த இடத்திலிருந்து எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. அதையடுத்துக் கீற்றுக் கொட்டகைகளைப் பள்ளிகளிலிருந்து அகற்றினார்கள், அது தேவைதான். ஆனால் நாம் கற்றுக்கொண்டது கீற்றைப் பற்றி மட்டும்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இடநெருக்கடி, ஒடுங்கிய வழி, அடுப்பும் வகுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது, இவையெல்லாம் கான்கிரீட் கூரைக்குக் கீழேயும் நடக்கும்.

இதற்குச் சான்று வேண்டுமானால் சிகாகோவைப் பாருங்கள். 1958 டிசம்பர் 1 அன்று ஒரு தேவாலயப் பள்ளியில் பற்றிய தீயில் 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். அது செங்கல் கட்டடம். அதிலும், சில வாரங்களுக்கு முன்புதான் தீப் பாதுகாப்பு ஆய்வில் தேறியிருந்தது. எப்படித் தேறியது? 1949இல் வந்த புதிய விதிகள் புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு மட்டும்தான், பழையவற்றுக்கு விலக்கு. படிக்கட்டு மரம், அதைச் சுற்றி அடைப்பு இல்லை, புகை நேராக மேல்மாடிக்கு ஏறியது. தீயணைக்கும் கருவிகளும் இருந்தன, தரையிலிருந்து ஏழடி உயரத்தில். பிள்ளைகளுக்கு எட்டாது. எண்ணிக்கையைச் சரிபார்க்க வந்தவர் 'இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போயிருப்பார். நானும் அப்படிக் குறித்திருக்கிறேன் ஐயா, என் இளமையில்.

எதிர்ப்பக்க உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1933 மார்ச் 10 அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதியில் நிலநடுக்கம். 70 பள்ளிகள் இடிந்தன, 120 பள்ளிகள் பெரும் சேதம் அடைந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட நேரம். சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, பீல்டு சட்டம் என்ற சட்டம் வந்துவிட்டது. ஒரு மாதம்! அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, கட்டி முடித்த பிறகு வந்து பார்ப்பதை அது நம்பவில்லை என்பதுதான். வரைபடத்தை மாநில அரசின் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். வேலை நடக்கும்போதே ஒப்பந்ததாரரைச் சாராத ஓர் ஆய்வாளர் களத்தில் இருக்க வேண்டும். கம்பி எங்கே போகிறது, யார் மிதிக்கிறார்கள் என்பதை அவர் நேரில் பார்ப்பார். வரைபடப்படிதான் கட்டினோம் என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் பொய் இருந்தால் அது பொய்ச்சாட்சிக் குற்றம்.

கட்டும்போது இவ்வளவு பார்த்தாலும் காலம் தன் வேலையைச் செய்யும். இங்கிலாந்தில் காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் பலகைகளைக் கொண்டு 1950களிலிருந்து எத்தனையோ பள்ளிகளுக்குக் கூரை போட்டார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் கூரை ஒரு வார விடுமுறை நாளில் விழுந்தது, அதனால் யாரும் சாகவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாள்களே இருந்த நிலையில், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் அத்தகைய கூரைக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது என்று அரசு அறிவித்தது. எந்தப் பள்ளியில் எந்தக் கூரை என்ற பட்டியலைத் தயாரிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. கட்டியவர்கள் போய்விட்டார்கள், கட்டடத்தின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கேதான் என் பரிந்துரை வருகிறது. ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்துக்கும் ஒரு நோட்டு வேண்டும். கட்டடத்தின் நோட்டு. எப்போது கட்டியது, எத்தனை மாடிக்கு அடித்தளம் போட்டது, எந்தத் தளம் எவ்வளவு பாரத்துக்கு என்பது முதல் பக்கத்தில். அதன் பிறகு ஒவ்வொரு மாற்றமும், தொட்டி, தடுப்பு, கிரில், புதிய மின் இணைப்பு, மாடியில் தகரக் கொட்டகை, எதுவானாலும் செய்வதற்கு முன்னால் அதில் ஏற வேண்டும். ஏறிய அன்றே பழைய சான்றிதழ் தானாகச் செல்லாததாகிவிட வேண்டும், அந்த மாற்றத்தை ஒரு பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை. சுகாதாரம், தீயணைப்பு, கட்டுமானம், எந்தத் துறையிலிருந்து யார் ஆய்வுக்கு வந்தாலும் அந்த ஒரே நோட்டில்தான் எழுத வேண்டும். முன்னால் வந்தவர் என்ன எழுதினார் என்பதைப் பின்னால் வருபவர் படிக்காமல் இருக்க முடியாது. பெற்றோர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

இன்னொரு தாள் சேர்ந்தால் கோப்புதான் கனக்கும் என்று சொல்லிவிட்டு நீங்களே ஒரு நோட்டைக் கேட்கிறீர்களே என்பீர்கள். சரிதான். ஆசிரியர்கள் ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் இது ஆண்டுக்கு ஒரு நாள் அலங்கரித்துக் காட்டும் தாள் இல்லை. புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸுக்காக 1986இல் கொண்டுவந்த சட்டத்தில் ஏறத்தாழ இதைத்தான் செய்தார்கள். பள்ளியில் எங்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று கண்டறிந்து, அதை எப்படிக் கையாளுவது என்ற திட்டத்தை எழுதிப் பள்ளியிலேயே வைக்க வேண்டும், யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு, ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோருக்குத் தகவல். இருக்கும் ஆஸ்பெஸ்டாஸை எல்லாம் உடனே உடைத்து எறி என்று சொல்லவில்லை, உடைத்தால்தான் நுரையீரலைக் கெடுக்கும் அதன் இழை காற்றில் பறக்கும். எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள், அதன் மேல் ஆணி அடிக்காதே என்றார்கள். ஆஸ்பெஸ்டாஸுக்கு முடிந்தது தண்ணீர்த் தொட்டிக்கு ஏன் முடியாது?

(சுவர்ப் பெயின்டில் ஈயம், காற்றோட்டம் இல்லாத வகுப்பு, குடிநீர்த் தொட்டி கழுவுவது பற்றியெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும். அந்த நோட்டில் அவர்களுக்கும் பக்கம் உண்டு.)

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தப் பள்ளியில் விரிசலைப் பார்த்துவிட்டு வராண்டாவில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். நான் மேலே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அந்த இடம்தான் சார்" என்றார். என்னம்மா என்று கேட்டேன். "தினமும் காலைல இந்த ஓரத்துல மட்டும் மாவு மாதிரி கொட்டிக் கெடக்கும். நானும் நாலு மாசமா பெருக்குறேன்."

நாலு மாதம்! தொட்டி வைத்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. தளம் பாரம் தாங்காமல் வளைந்து, பூச்சு நசுங்கித் தூளாகக் கொட்டியிருக்கிறது. பொறியியல் படித்த நான் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போனேன். அவர் தினமும் பார்த்திருக்கிறார். யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். "சொன்னேன் சார். சுத்தமா கூட்டச் சொன்னாங்க."

கட்டடம் விழுவதற்கு முன்னால் பெரும்பாலும் பேசும். கம்பி துருப்பிடித்தால் இரும்பு இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை உப்பும், உப்பினால் கான்கிரீட்டைத் தள்ளும், அது வெடித்து உதிரும். கதவு திடீரென்று சட்டத்தில் உரசும். போன மழைக்கு ஒழுகாத இடம் இந்த மழைக்கு ஒழுகும். இதை முதலில் பார்ப்பது பெருக்குகிறவர், மணி அடிக்கிறவர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன். விதிகள் எல்லாம் வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்காகவே எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே இருப்பவர் பார்த்ததை எழுத ஓர் இடம், எழுதினால் இத்தனை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவர், இந்த இரண்டையும் எந்தப் படிவத்திலும் நான் கண்டதில்லை. அந்த நோட்டில் முதல் பேனா அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எழுதத் தெரியாதவர் என்றால் அவர் சொல்வதை இன்னொருவர் எழுதட்டும்.

அன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, அது காலியாகும் வரை மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வராண்டாவின் அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மறித்தோம். பிறகு தாளாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். சான்று வழங்கிய அலுவலகத்துக்கும் போய், என் சான்றை நானே திரும்பப் பெற விரும்புகிறேன் என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சான்று கேட்டு விண்ணப்பிக்கப் படிவம் இருந்தது, கொடுத்த சான்றை ரத்து செய்ய அங்கே படிவம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை. சட்டம் அடித்த சான்றிதழை இறக்கச் சொல்லியும் பார்த்தேன். ஆய்வுக்கு யாராவது வந்தால் கேட்பார்கள் என்று தயங்கினார்கள், அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் தாளாளர் ஒன்று செய்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தொட்டியைத் தரையில் மேடை கட்டி இறக்கினார், மோட்டார் வைத்துக்கொண்டார். தளத்தை முட்டுக் கொடுத்துச் சரிசெய்யவும் ஒத்துக்கொண்டார், அந்த வேலையை நானே நின்று பார்த்தேன். பிளைவுட் தடுப்பில் ஒரு வாசல் வெட்டினார்கள், பெஞ்சுகளை அள்ளினார்கள். கிரில் விஷயத்தில்தான் இழுபறி. திருட்டுப் பயம் உண்மையான பயம்தான். கடைசியில், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத கதவு போடலாம் என்று முடிவானது. குறுக்கே இருக்கும் கம்பியைத் தள்ளினால் திறக்கும் இந்தக் கதவுக்கே ஒரு கதை உண்டு. 1903 டிசம்பரில் சிகாகோவில் இரோக்குவா நாடக அரங்கு எரிந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள், வெளியேறும் கதவுகளைத் திறக்கத் தெரியாமலும் முடியாமலும் மாண்டவர்கள் அதில் ஏராளம். அதற்குப் பிறகு பிறந்த சாதனம் இது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்னும் எத்தனையோ பள்ளிகளில் அதன் இடத்தில் சங்கிலிதான் இருக்கிறது.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பள்ளிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். வராண்டா ஓரத்தில் இப்போதும் மாவு கொட்டுகிறதா என்று கேட்டேன்.

"அங்க இல்ல சார். இப்ப மூணாங்கிளாஸ் வாசல்ல" என்றார்.

சனிக்கிழமை சுத்தியலோடு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்
(பள்ளியை யாரும் அடையாளம் காண வேண்டாம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)